அரைக்கட்டைக்கும் குறைவு

சுருதி சேர்க்க என்ன டியூனர் வாங்குவது என்று கேட்கத்தான் பெரும்பாலும் என் வீட்டுக்கு வருகிறீர்கள். நான் மேடையை விட்டு விலகியவன். இடது கை விரல்கள் இப்போது கம்பிமேல் சரியாக மடங்குவதில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதைவிட ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கேட்டதற்குப் பதில். ஊசி ஆடுகிற பெட்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் வயரை நேராகப் பெட்டியில் சொருகிவிடலாம். பக்கத்தில் மேளம் முழங்கினாலும் ஊசி உங்கள் கம்பியை மட்டும்தான் பார்க்கும். மரக் கிட்டாருக்கு அப்படி இல்லை. பெட்டிக்குள் இருக்கிற சின்ன மைக், பந்தலில் உள்ள சத்தம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஊசியை அங்குமிங்கும் ஆட்டும். அதனால் மரக் கிட்டார்காரர்கள் கூடவே ஒரு எஃகு ஃபோர்க்கும், அதாவது தட்டினால் ஒரே சுருதி தருகிற கவைக் கம்பியும், வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, அதன் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டால் எவ்வளவு இரைச்சலிலும் மண்டைக்குள் சுருதி கேட்கும்.

கடைக்காரரும் இவ்வளவுதான் சொல்வார். அந்தப் பெட்டியில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அது ஏன் வேண்டும் என்பதைச் சொல்ல நான் அறுபதுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். ரேடியோ செட் கடை வைத்திருந்தவர்தான் குழுவுக்கும் முதலாளி. கல்யாணம், திருவிழா என்றால் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும் அவர், கச்சேரி நடத்துவதும் அவர். ரிக்கார்டில் கேட்பது போலவே இருக்கும் என்று சொல்லித்தான் கச்சேரி பிடிப்பார். ஆகவே ரிக்கார்டில் ஒரு பாட்டு எந்தக் கட்டையில் இருக்கிறதோ அதே கட்டையில்தான் மேடையிலும் பாட வேண்டும். அது அவருடைய சட்டம். அவருக்குக் காது அவ்வளவாகக் கிடையாது. ஆனால் கண் உண்டு. ஆர்மோனியத்தில் விரல் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். ஒரு ஆண் பாடகர் தொண்டை சரியில்லை, அரைக்கட்டை இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார். அடுத்த கச்சேரிக்கு அவரைக் கூப்பிட ஆள் போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

ஆர்மோனியம் வாசித்தவரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பகலில் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் வேலை. அவருடைய ஆர்மோனியம் ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது வாங்கியது. ஐம்பதுகளில் அந்தக் கம்பெனியில்தான் தனக்கொடி அக்கா பாடி நடித்தார். அப்போதும் பக்கத்தில் வாசித்தவர் பாய்தான், அக்காவைத் தங்கச்சி என்பார். நாடகம் போய் மெல்லிசை வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே இங்கே வந்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் நெஞ்சு வியாதிக்காரர், வேலைக்குப் போவதில்லை. மகள் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உழைத்தது அக்காவின் தொண்டை ஒன்றுதான். ஒத்திகைக்கு வரும்போது முந்தானையில் பனங்கற்கண்டு முடிந்துகொண்டு வருவார். எனக்கும் ஒரு துண்டு உடைத்துத் தருவார். நான் பேசாமல் வாங்கிக்கொள்வேன். "இந்தத் தம்பிக்கு எதுக்குக் கற்கண்டு? வாயைத் தெறக்குறதே இல்ல" என்று பாய் கேலி செய்வார்.

அந்தக் காலத்தில் சுருதி சேர்ப்பது என்றால் ஆர்மோனியத்துக்குச் சேர்ப்பதுதான். பாய் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் கம்பியை அதற்குத் திருகுவேன், தபேலாக்காரர் சுத்தியலால் தட்டுவார். கம்பியை நினைத்தபோது ஏற்றலாம், இறக்கலாம். ஆர்மோனியத்தை மேடையில் அப்படிச் செய்ய முடியாது. முடிகிறவன் முடியாதவனுக்கு வளைந்து கொடுப்பது மேடை வழக்கம். ஆர்மோனியம் சரியா தவறா என்று யாரும் கேட்டதில்லை. கேட்க ஒரு காரணமும் வரவில்லை.

பிறகு முதலாளி சென்னையிலிருந்து ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி வந்தார். மதுரையிலிருந்து ஒரு அக்கார்டியன்காரரையும் சேர்த்தார். முதல் ஒத்திகையில் ஆர்மோனியமும் அக்கார்டியனும் ஒரே கட்டையைப் பிடித்தபோது தகரத்தைக் கருங்கல்லில் இழுத்ததுபோல் இருந்தது. முதலாளிக்கே கேட்டுவிட்டது. யார் பெட்டி தப்பு என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, மதுரைக்குப் போய்ச் சுருதி பார்க்கிற சாமான் ஏதாவது வாங்கி வரச் சொன்னார்.

கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று ஊதிப் பார்க்கிற குழல். மெதுவாக ஊதினால் ஒரு சுருதி, பலமாக ஊதினால் ஒரு மயிரிழை ஏறுகிறது. எச்சில் பட்டால் மூன்றாவது சுருதி. கூட்டத்துக்கு முன்னால் அதை வாயில் வைத்து ஊதவும் எனக்குக் கூச்சம். அடுத்தது அலுமினியத்தில் செய்த ஃபோர்க். மூன்றாவது எஃகு ஃபோர்க். கையில் கனமாக இருந்ததால் எஃகை எடுத்தேன். அவ்வளவுதான் காரணம். ஊருக்கு வந்த பிறகுதான் அதன் வேலை தெரிந்தது. தட்டிவிட்டு மரக் கிட்டாரின் பலகையில் ஊன்றினால் கிட்டாரே பாடுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்கு அடியில் இருக்கிற பிக்கப்புக்கு மேலே, தொடாமல் பிடித்தால் ஸ்பீக்கரிலேயே சுருதி வருகிறது. அலுமினியம் இதைச் செய்யாது. உள்ளே இருப்பது காந்தம் அல்லவா. கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஃபோர்க் சொன்னது இதுதான்: அக்கார்டியன் சரி, ஆர்மோனியம் இறங்கியிருக்கிறது. முழு அரைக்கட்டைகூட இல்லை, அதற்கும் குறைவு. விரலை நகர்த்திச் சரிசெய்ய முடியாத ஓர் இடைவெளி. இனி எல்லோரும் ஃபோர்க்குக்குத்தான் என்று முதலாளி சொன்னார். ஆர்மோனியத்தைச் சரிபார்க்கச் சொன்னபோது பாய், வயதான பெட்டி, கொஞ்சம் இறங்கித்தான் போயிருக்கும், மதுரையில் ரீடு பார்க்கிற ஆளிடம் காட்டுகிறேன் என்றார். அவர் போகவில்லை.

அடுத்த ஒத்திகையில், ஆர்மோனியம் இல்லாமல் ஃபோர்க் சுருதிக்கே, அக்கா வழக்கமாகப் பாடுகிற பாட்டு. சரணத்தில் ஓர் உச்சி இடம் உண்டு. அதுவரை நன்றாக வந்த குரல் அங்கே தொட்டுவிட்டு உடைந்தது. இன்னொரு தடவை பாடினார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. சளி பிடித்திருக்கிறது என்றார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிய விஷயம். அந்த ஆண் பாடகர் கேட்ட அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார்.

டீக்கடையில் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பெட்டி தானா எறங்கலப்பு. நாந்தான் எறக்குனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் பித்தளை நாக்கு உண்டு, அதுதான் ரீடு. அடிப்பக்கம் சுரண்டினால் சுருதி இறங்கும், நுனியில் சுரண்டினால் ஏறும். அதைத்தான் அவர் வருஷா வருஷம் செய்திருக்கிறார். சின்ன அரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாக்காக.

"தங்கச்சி தொண்டை கொஞ்சங் கொஞ்சமா எறங்குச்சு. வெரல நகத்துனா மொதலாளி கண்டுக்குவாரு. ரீட்டை நகத்துனா யாருக்குத் தெரியும்? அதுக்கே தெரியாது. இன்னும் அதே தொண்டைன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. நீ சொல்லிப்புடாத."

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எளிது. செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. செம்பட்டி கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் குரல் உடைந்தால் அக்காவுக்கு அதற்கப்புறம் ஆள் வராது.

என்னிடம் இரண்டு கிட்டார் இருந்தன. எலெக்ட்ரிக் கிட்டாரை ஃபோர்க்குக்குச் சேர்த்தேன். மரக் கிட்டாரைப் பாயின் ஆர்மோனியத்துக்குச் சேர்த்தேன். அக்கா தனியாகப் பாடுகிற பாட்டுகளுக்கு மரக் கிட்டாரும் ஆர்மோனியமும். மற்றப் பாட்டுகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரும் அக்கார்டியனும். ஆனால் எல்லோருடைய கையும் எல்லாப் பாட்டுக்கும் ஆடவேண்டும் என்று முதலாளி எதிர்பார்ப்பார். அக்காவின் பாட்டுக்குச் சத்தமில்லாமல் வாசிப்பதுபோல் நடிக்க அக்கார்டியன்காரர் சம்மதிக்க வேண்டும். அவரிடம் நான்தான் போய்ப் பேசவேண்டியிருந்தது. எப்படிப் பேசினேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப அந்த அம்மா பாட்டுக்கெல்லாம் நான் ஊமை. அம்புட்டுத்தானே? மதுரையில சத்தமா வாசிச்சே ஊமையா இருக்கவங்க எத்தன பேரு."

அக்கார்டியனில் காற்றை மட்டும் விடுகிற பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திக்கொண்டு துருத்தியை இழுத்து மூடினால் வாசிப்பதுபோலவே தெரியும், சத்தம் வராது. பாய்க்கும் வழி இருந்தது. ஆர்மோனியத்தின் முன்பக்கக் குமிழ்களான அடைப்புகளை உள்ளே தள்ளிவிட்டால் விரல் ஓடும், காற்று ரீடுக்குப் போகாது. அக்காவின் பாட்டுக்கு இவர் ஊமை, மற்றப் பாட்டுக்கு அவர் ஊமை. செம்பட்டியில் பஸ் ஹாரன்களுக்கு நடுவே இப்படித்தான் வாசித்தோம். அக்காவின் குரல் அந்த உச்சி இடத்தில் ஏறி நின்றது. முதலாளி மேடை ஓரத்தில் எல்லோருடைய கைகளையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சளி விட்டுவிட்டது என்று அக்கா சொன்னார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கல்யாணம். அங்கேயும் குறையில்லை.

இது எவ்வளவு நாள் ஓடும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தாலும் வேறு வழி எனக்குத் தெரிந்திருக்காது.

பிறகு அகரத்தில் திருவிழாக் கச்சேரி. பொழுது சாய்ந்து கூட்டம் நிரம்பியிருந்தது. பாதிக் கச்சேரியில் விழாக் கமிட்டித் தலைவர் ஒரு பாட்டைக் கேட்டு ஆள் அனுப்பினார். பெண் குரல் பாட்டு. அந்த வருஷம் எல்லா டீக்கடையிலும் ஓடிய பாட்டு. தொடக்கத்தில் அக்கார்டியன் தனியாக ஒரு நீளமான இசை வாசிக்கும். அதைக் கேட்கத்தான் ஜனங்கள் காத்திருப்பார்கள். அங்கே அக்கார்டியன் ஊமையாக இருக்க முடியாது. முதலாளி மேடைக்கே வந்து, எலெக்ட்ரிக் கிட்டாரை எடு, தனக்கொடி பாடட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அக்கார்டியன்காரர் என்னைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரை இறக்கிச் சேர்க்கலாம், அக்கார்டியனை என்ன செய்வது? முதலாளியிடம் போய்ச் சொல்லலாம், என்னவென்று சொல்வது? எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். கம்பியை அளவுக்கு மேல் முறுக்கி அறுத்துவிட்டால் வேறு பாட்டுக்குப் போய்விடலாம். எலெக்ட்ரிக் கிட்டாரின் முதல் கம்பியின் திருகில் கையை வைத்தேன்.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மைக்குக்குக் கேட்காதபடி பேசினார்.

"கம்பிய அறுக்காத தம்பி. நாளைக்கும் இந்தப் பாட்டைத்தான் கேப்பாங்க."

நான் கையை எடுக்கவில்லை.

"நாடகத்துலேருந்து பாய் பெட்டிக்குப் பாடுறவ நான். அது எறங்குனது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு சங்கடப்படுவாரு. அதான் சளின்னேன்." திருகிலிருந்து என் கையை எடுத்துவிட்டு, "சரியான சுருதிக்கே வையி. ஒரு தடவை காதால கேட்டுக்கிறேன்" என்றார்.

நான் ஃபோர்க்கை முழங்காலில் தட்டி எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்புக்கு மேலே பிடித்தேன். குழாய் ஸ்பீக்கர்கள் அத்தனையிலும் அந்த ஒற்றைச் சுருதி எழுந்தது. மைதானமே என்னவென்று தெரியாமல் மேடைப் பக்கம் திரும்பியது. அக்கா கண்ணை மூடிக் கேட்டார். பாயும் அதைக் கேட்டுக்கொண்டு, ஆர்மோனியத்தின் அடைப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்.

அக்கார்டியன் இசைக்கு விசில் பறந்தது. அக்கா நிதானமாகத்தான் தொடங்கினார். பல்லவி வந்தது. சரணம் ஏறியது. உச்சி இடம் வருவதற்கு ஓர் அடி முன்பே அவர் முடிவு செய்துவிட்டார் என்பது என் கைக்குத் தெரிந்தது. குரலை உடையவிடவில்லை. மேலே போகாமல் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, அதே வரியை அங்கே பாடினார். பிசகில்லாமல் பாடினார். ஆனால் அது ரிக்கார்டில் இருக்கிறது போல இல்லை.

கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு விசில், இது வேறு விசில். யாரோ ஒருவன் கத்தினான்: "ரிக்கார்டைப் போடுங்கப்பா."

சிரிப்பு பரவியது. அக்கா அடுத்த சரணத்தையும் பாடினார். அங்கேயும் கீழேயே பாடினார். பாட்டை முழுதாக முடித்தார். கும்பிட்டுவிட்டு எழுந்து மேடையின் பின்பக்கம் இறங்கினார். மீதிக் கச்சேரியைப் புதிதாக வந்திருந்த ஆண் பாடகரை வைத்து முடித்தோம்.

நாங்கள் சாமான்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளியின் ஸ்பீக்கர் செட் பார்க்கிற ஆள் வழக்கம்போலக் கூட்டம் கலையும்வரை பாட்டுப் போட்டார். முதல் பாட்டு அதுதான். அவர் மனசில் ஒன்றும் இருந்திருக்காது, ஜனங்கள் கேட்டதைப் போட்டார். அந்த உச்சி இடம் மைதானம் முழுக்கக் கேட்டது. அக்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எனக்கு ஒரு துண்டு கற்கண்டு கொடுத்தார். மீதியைப் பாயிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

முதலாளி அவரை நிறுத்தவில்லை. அவர் யாரையும் நிறுத்துகிறவர் இல்லை. அடுத்த கச்சேரிக்கு ஆள் அனுப்பவில்லை, அவ்வளவுதான். மதுரையிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். நன்றாகவே பாடினாள். அக்காவின் மகள் டிரெயினிங்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சுருட்டுக் கம்பெனிக்குப் போகிறாள் என்று தபேலாக்காரர் சொன்னார். நான் ஒரு தடவை அவர்கள் தெருவரைக்கும் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆர்மோனியத்தைச் சரி செய்தாயிற்றா என்று முதலாளி கேட்டபோது பாய் இந்தத் தடவை சாக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து கடையின் பின்னறையில் பெட்டியைப் பிரித்தார். ஃபோர்க்கைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். நான் தட்டிப் பலகையில் ஊன்றுவேன், அவர் ஒரு நாக்கின் நுனியில் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து ஊதிப் பார்ப்பார். மறுபடி தட்டுவேன். அந்த ஒரு கட்டை சரியானதும் மற்றவற்றை அதற்குச் சேர்த்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது.

"இம்புட்டு நேரந்தான் ஆகுது பாத்தியா" என்றார். "எறக்குறதுக்குத்தான் அத்தன வருஷம்."

இரண்டு பக்கமும் சுரண்டப்பட்ட நாக்குகள் அதிக நாள் தாங்கவில்லை. ஒவ்வொன்றாக உடைந்தன. அவர் புதிது போடவில்லை. அப்புறம் குழுவில் ஆர்மோனியம் என்று ஒன்று இல்லை.

இப்போது டியூனருக்கு வருகிறேன். ஊசிப் பெட்டிகளில் சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால், எது சரியான சுருதி என்று பெட்டி நினைக்கிறதோ அது கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகரும். அரைக்கட்டை நகராது, அதற்குக் குறைவாகத்தான் நகரும். இல்லாத பெட்டி விலை குறைவு. திருகு எதற்கு, யாரும் அதைத் தொடுவதே இல்லை என்று கடைக்காரர் சொல்வார். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். எலெக்ட்ரிக் கிட்டாரோ மரக் கிட்டாரோ, திருகு உள்ளதை வாங்குங்கள்.

அது தேவைப்படும் நாளில் யாரும் உங்களிடம் வந்து கேட்கமாட்டார்கள். சளி பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.